கட்டியவர் காணாத மாளிகை

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையின் தலையிலே மேகம் கவிழ்ந்து, குற்றாலத்தில் சாரல் தூவத் தொடங்கிவிட்டால், ஐந்தருவிக்குச் செல்லும் சாலையோரத்து வெண்ணமடைக் குளமும் நிரம்பிவிடும். அப்போது அங்கே படகுகள் மிதக்கத் தொடங்கும். பேரருவியில் நீராடிய ஈரத் தலையும், கையிலே வறுத்த கடலைப் பொட்டலமுமாகக் குடும்பங்கள் வரிசையில் காத்து நிற்கும். முதற்காலை எடுத்து வைத்ததுமே படகு ஒரு பக்கம் சாயும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர். பாட்டிமாரோ, "அந்தோணியாரே, காப்பாற்றும்!" என்று பலகையை இறுகப் பற்றிக்கொள்வர். ஒரு நொடிதான். பின்னர் படகு தன் நிலைக்கு வந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அமைதியாக நகரும்.

இத்தனை பேரைச் சுமந்தும் இந்த மெல்லிய உடல் கவிழாமல் இருப்பது எங்ஙனம்? இதன் அடிப்பகுதி ஏன் இப்படி வளைந்திருக்கிறது? இந்த வளைவை முதலில் மனத்திலே கண்டவன் யார்? படகேறும் நம்மில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்க்கிறோம்?

இதையே நாள்தோறும் எண்ணிப் பார்த்து வளர்ந்தான் ஒரு சிறுவன். பிற்காலத்தில் உலகமே வியக்கும் ஒரு மாளிகையை வரைந்தான். ஆனால் அது முடிந்து நின்ற கோலத்தைத் தன் கண்ணாலே காணாமல் மறைந்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ஓபரா மாளிகையைப் படத்திலேனும் பாராதவர் நம்மில் சிலரே இருக்கக்கூடும். நாட்காட்டிகளிலும் தபால் அட்டைகளிலும், வெள்ளைப் பாய்களை விரித்த கப்பலைப் போல நீரோரத்தில் நிற்குமே, அந்த மாளிகைதான். அதைப் படைத்த யோர்ன் உட்சன் என்ற டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞரின் வாழ்வைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அவருடைய கலையை மட்டுமன்று, அவர் தந்தையோடும் மனைவி மக்களோடும் நண்பரோடும் கொண்டிருந்த உறவுகளையும் பார்ப்போம். குடும்பத்தில் வாழும் நமக்கு அதிலே பாடம் உண்டு.

தந்தையின் பட்டறை

உட்சன் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தை ஆகே உட்சன் கப்பல் கட்டும் பொறியியல் வல்லுநர். டென்மார்க்கின் வடபகுதியில், லிம் என்னும் நீண்ட கடற்கழியின் கரையில் ஆல்போர்க் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தில் தந்தைக்குப் பணி. ஆகவே யோர்னின் இளமை முழுவதும் தாரும் மரத்தூளும் மணக்கும் இடத்திலே கழிந்தது.

தந்தை பெரிய கப்பல்களைக் கட்டுவித்ததோடு, ஓய்வு நேரத்திலே சிறிய பாய்மரப் படகுகளையும் வரைந்தார். முன்னும் பின்னும் ஒரேபோலக் கூர்ந்திருக்கும் அந்தப் படகுகள் டென்மார்க் முழுவதும் பெயர் பெற்றவை. மேசையிலே வரைபடம் விரிந்திருக்கும். மகன் பக்கத்தில் நின்று கோடுகளை இழுக்க உதவுவான். படகின் சிறு மாதிரிகளைச் செய்துகொடுப்பான். பின்னர் அதே கோடு மரமாகி, அதே மரம் படகாகி, அதே படகு நீரில் இறங்குவதையும் பார்ப்பான். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கடலிலே பாய் விரித்துச் செல்வதும் வழக்கமாயிற்று.

தூத்துக்குடிக் கடற்கரையில் தோணி கட்டும் ஓடாவிகளைக் கண்டவர்களுக்கு இந்தக் கல்வியின் அருமை புரியும். முதலில் ஏரா என்னும் அடிமரத்தைக் கிடத்துவர். அதன்மேல் இருபுறமும் மார்பெலும்பைப் போல விலாச்சட்டங்களை நிறுத்துவர். பிறகே பலகை போர்த்துவர். வீட்டுச் சுவரிலே ஒரு விரற்கடை பிசகினால் பூச்சிலே மறைத்துவிடலாம். படகிலே பிசகினால் கடல் காட்டிக்கொடுத்துவிடும். அழகுக்கென்று ஒரு வளைவும், பயனுக்கென்று வேறொரு வளைவும் படகிலே கிடையாது. இரண்டும் ஒன்றேதான். இந்த உண்மையைப் பள்ளிப் புத்தகத்திலிருந்தன்று, தந்தையின் கையிலிருந்தே மகன் கற்றார்.

பள்ளிப் படிப்பிலோ அவர் பின்தங்கியே நின்றார். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. மதிப்பெண் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆனால் கை வரைந்தது, கண் அளந்தது. 1937இல் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயிலச் சேர்ந்தார். 'மதிப்பெண் குறைந்தது, இனி இவன் எதற்கும் ஆகான்' என்று பிள்ளைகளைப் பற்றி முடிவு கட்டிவிடும் பெற்றோர் இந்த இடத்திலே சற்று நின்று சிந்திப்பது நல்லது.

1942இல் படிப்பு முடிந்தது. அதே ஆண்டில் லிஸ் என்னும் நங்கையை மணந்தார். அப்போது டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் பிடியிலே இருந்தது. இளந்தம்பதியர் அண்டை நாடான ஸ்வீடனுக்குச் சென்று ஸ்டாக்ஹோம் நகரில் பிழைப்பைத் தேடினர். யான், லின், கிம் என்று மூன்று மக்கள் பிறந்தனர். அன்று தொடங்கிய அந்த இல்லறம் அறுபத்தாறு ஆண்டுகள், அவர் கண்மூடும் வரையிலும் நிலைத்தது. புகழும் பழியும் மாறி மாறி வந்தபோது அவர் கால் ஊன்றி நின்ற இடம் அந்த வீடே.

கடல்வழிப் படத்தில் பிறந்த கனவு

போர் ஓய்ந்தபின் உட்சன் பல நாடுகளைச் சுற்றினார். மொராக்கோவின் மண்வீடுகளைப் பார்த்தார். 1949இல் மெக்சிகோ சென்று, மாயா மக்கள் எழுப்பிய பழைய கல்மேடைகளில் ஏறினார். அடர்ந்த காட்டுக்குள் வெளிச்சமின்றி நடந்தவர், மேடையின் உச்சியை அடைந்ததும் மரத்தலைகளுக்கு மேலே விரிந்த வானத்தைக் கண்டார். மனிதனை அன்றாட வாழ்விலிருந்து உயர்த்தி நிறுத்தும் ஆற்றல் ஒரு மேடைக்கு உண்டு என்பது அவர் உள்ளத்திலே பதிந்தது.

பின்பு ஹெல்லெபேக் என்ற கடலோரச் சிற்றூரில், காட்டின் ஓரத்தில் 1952இல் தமக்கென ஓர் எளிய வீட்டைக் கட்டிக்கொண்டார். பெரிய கட்டடம் எதையும் கட்டிப் புகழ்பெறாத முப்பத்தெட்டு வயது மனிதர் அவர். அப்போதுதான் உலகக் கட்டடக் கலைஞர்களுக்கெல்லாம் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. பாட்டாலேயே நடத்தப்பெறும் மேனாட்டு நாடகமாகிய ஓபராவுக்கும், இசை நிகழ்ச்சிகளுக்கும் ஏற்ற அரங்கு ஒன்று சிட்னித் துறைமுகத்தில் எழ வேண்டும் என்பதே அது.

உட்சன் சிட்னியைக் கண்டதில்லை. ஆனால் மாலுமிகள் பயன்படுத்தும் கடல்வழிப் படங்களைப் படிக்கும் கலை அவருக்குக் குழந்தைப் பருவத்துச் சொத்து. சிட்னித் துறைமுகத்தின் கடல்வழிப் படங்களை வரவழைத்து, கரை எப்படி வளைகிறது, கப்பல் எந்தத் திசையிலிருந்து வரும் என்று ஆராய்ந்தார். ஹெல்லெபேக்கிற்கு அருகே, கடலுக்குள் நீண்ட நிலமுனையில், க்ரோன்போர்க் என்ற பழைய கோட்டை நிற்கிறது. படகிலே செல்பவனுக்கு அது எல்லாப் பக்கமும் முகமாகவே தெரியும். முதுகென்று ஒன்று இல்லை. சிட்னியின் நிலமுனையும் அத்தகையதே. மூன்று பக்கமும் கடல். மேலேயுள்ள பெரிய பாலத்திலிருந்தும் மக்கள் நோக்குவர். ஆகவே கூரையும் முகமாக வேண்டும் என்று துணிந்தார். மாயா மேடையைப் போன்ற பெரிய அடித்தளம். அதன்மேல் காற்றை உண்ட பாய்களைப் போல எழும் வெண்ணிற ஓடுகள். வரைந்து அனுப்பினார்.

வந்து குவிந்த வரைபடங்கள் 233. 1957ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. முதற்பரிசு உட்சனுக்கு! செய்தி வீட்டுக்கு வந்தபோது அவர் வெளியே நடக்கச் சென்றிருந்தார். பத்து வயது மகள் லின், மிதிவண்டியில் விரைந்து சென்று தந்தையை எதிர்கொண்டு செய்தியைச் சொல்லி, "இனி எனக்குக் குதிரை வாங்கித் தருவீர்களா?" என்று கேட்டாளாம். ஊரும் உலகும் பாராட்டப் போகும் ஒரு நாளில், ஒரு குழந்தை தன் தந்தையிடம் கேட்ட அந்தக் கேள்வியே அவருக்குக் கிடைத்த முதல் வாழ்த்து.

ஒரே கோளத்திலிருந்து

சிட்னி அமைந்துள்ள நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் முதலமைச்சராக அப்போது இருந்தவர் ஜோசப் காகில். ரயில்வே பட்டறைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய கத்தோலிக்கர். 'உழைப்பாளிக்கும் நல்லிசை கேட்கும் உரிமை உண்டு' என்ற எண்ணத்தால் இந்த மாளிகையைத் தம் பிள்ளைபோலக் கருதினார். பணத்துக்கு லாட்டரிச் சீட்டு நடத்தப்பெற்றது. தாம் பதவியிலே இல்லாமற் போனால் வேலையே நின்றுவிடுமோ என்று அஞ்சி, வரைபடங்கள் முடியுமுன்னரே 1959 மார்ச் மாதம் கட்டுமானத்தைத் தொடங்கச் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். அந்த அவசரம் வேலை தொடரக் காரணமாயிற்று. பின்னால் வந்த பல துன்பங்களுக்கும் அதுவே காரணமாயிற்று.

ஏனெனில், காகிதத்தில் எளிதாக வளைந்த கூரையைக் காற்றிலே நிறுத்துவது எப்படி என்று அன்று எவருக்கும் தெரியாது. பொறியியல் பொறுப்பை ஏற்றவர் ஓவே ஆரப் என்ற புகழ்பெற்ற வல்லுநர். இங்கிலாந்தில் பிறந்தவராயினும் டென்மார்க் குடும்பத்து மகன். உட்சனைவிட இருபத்துமூன்று வயது மூத்தவர். இருவரும் தாய்மொழியிலே உரையாடி, நண்பர்களாயினர். ஆண்டுகள் பல உருண்டன. கணக்கு மேல் கணக்காகப் போட்டுப் பார்த்தும் கூரை வசப்படவில்லை. ஒவ்வோர் ஓடும் ஒவ்வொரு வளைவு; ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி அச்சு வேண்டும். செலவோ மலையளவு.

1961இல் உட்சனுக்கு வழி புலப்பட்டது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் பலவாறு கீறி எடுத்தால், துண்டுகள் பெரிதும் சிறிதுமாக வெவ்வேறு வடிவம் கொண்டிருக்கும். ஆனால் வளைவு எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஏனெனில் அவை ஒரே பழத்தின் தோல். அதுபோல எல்லா ஓடுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுத்ததாக அமைத்துவிட்டால்? ஒரே வகை அச்சிலே விலாச்சட்டங்களை வார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கோத்துவிடலாம் அல்லவா? அப்படியே செய்தனர். தரையிலே வார்த்த 2,194 கான்கிரீட் துண்டுகள் மேலேற்றப்பட்டு, எஃகுக் கம்பிகளால் இறுகப் பிணைக்கப்பட்டன. மிக உயர்ந்த ஓடு கடல்மட்டத்துக்கு மேல் 67 மீட்டர் எழுந்தது. அதைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர், பலகை போர்த்தாத தோணியின் விலாச்சட்டங்களைத் தலைகீழாகப் பார்ப்பதாகவே உணர்வர். ஆல்போர்க் பட்டறையின் சிறுவன் அங்கே மறையவில்லை.

கூரைமேல் பதிக்கப்பெற்ற பீங்கான் ஓடுகள் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேல். எண்ணிச் சொன்னால் 10,56,006. ஸ்வீடனில் செய்தவை. பளபளக்கும் வெண்மை ஒருவகை, பளபளப்பற்ற பாலேட்டு நிறம் மற்றொரு வகை. இரண்டையும் கலந்து பதித்ததால்தான், காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக அந்தக் கூரை மாறுகிறது.

முறிந்த உறவுகள்

1963இல் குடும்பம் முழுவதும் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. 1965இல் மாநில ஆட்சி மாறியது. செலவு பெருகிவிட்டது, காலம் கடந்துவிட்டது என்று புதிய ஆட்சி கணக்குக் கேட்டது. பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ், உள்ளரங்க வேலைக்கான திட்டங்களை ஏற்காமலும், சேர வேண்டிய தொகையைக் கொடாமலும் நிறுத்திவைத்தார். உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழியற்ற நிலையில், 1966 பிப்ரவரி 28ஆம் நாள் உட்சன் விலகினார். மூன்று நாள் கழித்து, அவரைத் திரும்ப அழைக்கக் கோரி ஏறத்தாழ ஆயிரம் பேர் சிட்னித் தெருக்களில் ஊர்வலம் சென்றனர். பயனில்லை. ஏப்ரல் மாதத்தில், மனைவி மக்களோடு அவர் அமைதியாக விமானம் ஏறினார். அப்போது ஓடுகள் எழுந்து நின்றன, உள்ளே வெறுமை. அந்த நாட்டில் அவர் கால் மீண்டும் படவேயில்லை.

எல்லாப் பிழையும் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்ததென்று கூறுவது நீதியாகாது. நிறைவான வடிவம் கிடைக்கும் வரையில் எதையும் கையிலிருந்து விடாத இயல்பு உட்சனுடையது. மக்கள் பணத்துக்குப் பொறுப்பானவர்கள் காலக்கெடு கேட்பதும் இயற்கையே. கலைஞனின் பொறுமையும் கணக்கனின் அவசரமும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியாமற் போயிற்று. நம் ஊரிலே ஒரு சிறு கோயில் கட்டும்போதே கட்டடக் குழுவில் எத்தனை மனத்தாங்கல் எழுகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாகாது.

உட்சனை மிகவும் புண்படுத்தியது பதவி போனதன்று, நட்பு முறிந்ததே. தாம் விலகியபோது ஆரப்பும் விலகித் தமக்குத் துணை நிற்பார் என்று எதிர்பார்த்தார். ஆரப்போ, எழுந்து நிற்கும் கட்டடத்தைப் பாதியில் கைவிடுவது பொறியாளருக்கு அழகன்று என்று கருதித் தொடர்ந்தார். ஒருவர் நட்பை நோக்கினார். மற்றவர் கடமையை நோக்கினார். இருவரில் யார் பிழை செய்தார் என்று இன்றும் தீர்ப்புக் கூறுவது எளிதன்று. 1988இல் ஆரப் மறைந்தார்.

மற்றொருவரையும் மறத்தலாகாது. உட்சன் விட்ட இடத்திலிருந்து உள்ளரங்கை முடிக்கும் பொறுப்பு பீட்டர் ஹால் என்ற இளங்கலைஞரின் தோளில் விழுந்தது. அவர் உட்சனைப் பெரிதும் மதித்தவர். 'ஆசானின் இடத்தைப் பறித்துக்கொண்டவர்' என்று தொழில் நண்பர்களே அவரைத் தூற்றினர். ஆயினும் அவரும் அவருடைய தோழர்களும் வேலையை முடித்தனர். 1973 அக்டோபர் 20ஆம் நாள் அரசியார் இரண்டாம் எலிசபெத் மாளிகையைத் திறந்துவைத்தார். நான்கு ஆண்டுகளில் முடியும் என்றது பதினான்கு ஆண்டுகள் பிடித்தது. 70 இலட்சம் டாலர் என்றது 10 கோடியே 20 இலட்சம் டாலராயிற்று. அன்று அந்தக் கூட்டத்தில் உட்சன் இல்லை. தமக்குரிய பாராட்டைப் பெறாமலே 1995இல் ஹால் காலமானார். தொடங்கியவருக்கு முடிவைக் காணும் பேறு இல்லை. முடித்தவருக்கு நற்பெயர் இல்லை. ஒரு மாளிகைக்குள்ளே இரண்டு துயரங்கள்.

கப்பலென்னும் ஆலயம்

மனம் கசந்து முடங்கிவிட ஒரு மனிதனுக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? உட்சன் முடங்கவில்லை. ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில், கடலை நோக்கிய பாறை முகட்டில், அந்த ஊர் மணற்கல்லாலேயே ஒரு வீட்டை எழுப்பினார். அதற்கு மனைவியின் பெயரைச் சூட்டி 'கான் லிஸ்' என்று வழங்கினார். லிஸின் இல்லம் என்பது அதன் பொருள். சிட்னியில் இழந்ததை எண்ணி ஏங்கும் கணவரின் வீடன்று அது. துணைநின்ற மனைவிக்கு நன்றி கூறும் கணவரின் வீடு.

கோபன்ஹேகன் அருகே பாக்ஸ்வேர்ட் என்னும் ஊரின் லூத்தரன் சபைக்கு அவர் கட்டிய ஆலயம் 1976இல் நிறைவெய்தியது. வெளியிலிருந்து நோக்கினால் ஒரு பண்டகசாலையோ என்று தோன்றும். உள்ளே நுழைந்தவரோ மூச்சடங்கி நிற்பர். மேலே வெண்மேகங்கள் அலையலையாகப் புரள்வதுபோல் வெள்ளைக் கான்கிரீட் கூரை. ஒளி எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கசிந்திறங்கும். கடற்கரையிலே படுத்துக்கொண்டு மேகங்களைப் பார்த்த நினைவிலிருந்து பிறந்தது அது.

இங்கே ஒன்றைக் கருதுதல் தகும். மக்கள் கூடி வழிபடும் ஆலயத்தின் நடுக்கூடத்துக்கு மேனாட்டு மொழிகள் பலவற்றிலும் வழங்கும் பெயர், கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. டென்மார்க் மொழியிலோ அந்தக் கூடத்துக்குப் பெயரே 'கப்பல்' என்பதுதான். அந்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் கூரையிலிருந்து சிறு கப்பல் ஒன்று தொங்கும். கடலிலே பிழைத்தவர்களும், கடலுக்குச் செல்பவர்களுக்காக மன்றாடுபவர்களும் அளித்த காணிக்கை. நமக்கும் இது அயலான செய்தியன்று. புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளின் நன்றிக் காணிக்கையே வேளாங்கண்ணி ஆலயத்தின் தொடக்கம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மணப்பாட்டுத் திருச்சிலுவை, உடைந்த கப்பலின் பாய்மரத்தால் ஆனது என்பது அவ்வூரின் வழிவழி மரபு. படகைத் தெரிந்தவன் ஆலயத்தையும் தெரிந்தவனாயிருப்பதில் வியப்பில்லை. இரண்டும் பலரை ஒன்றாகச் சுமந்து அக்கரை சேர்ப்பவை அல்லவா?

1982இல் குவைத் நாட்டு மக்களவைக் கட்டடமும் அவர் வரைந்தபடி எழுந்தது. கூடாரத் துணி காற்றில் தொய்வதுபோன்ற அதன் முகப்பைப் பார்ப்பவருக்கு மீண்டும் பாய்மரமே நினைவுக்கு வரும்.

மகன் வழியாக வந்த அமைதி

ஆண்டுகள் சென்றன. சிட்னி மக்கள் மெல்ல மெல்லத் தங்கள் தவற்றை உணர்ந்தனர். 1999இல் ஓபரா மாளிகையின் அறங்காவலர்கள், எண்பது வயதைக் கடந்துவிட்ட உட்சனுக்கு அழைப்பு விடுத்தனர். இனிவரும் காலத்தில் மாளிகையில் எந்த மாற்றம் செய்தாலும் எந்த நெறியைப் பின்பற்ற வேண்டும் என்று அவரே எழுதித் தர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

இந்த இடத்திலே அவர் என்ன செய்யக்கூடும்? 'அன்று என்னைத் துரத்தினீர்களே, இன்று எந்த முகத்தோடு கேட்கிறீர்கள்?' என்று கதவை அடைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ ஒப்புக்கொண்டார். நெடும்பயணம் செய்ய உடல் இடந்தரவில்லை. தந்தையைப் போலவே கட்டடக் கலைஞரான மூத்த மகன் யான், தந்தையின் கையாகவும் காலாகவும் சிட்னிக்குச் சென்றுவந்தார். தந்தை மயோர்க்காவில் அமர்ந்து வரைவார். மகன் சிட்னியில் நின்று நிறைவேற்றுவார். 2004இல் உட்சன் தாமே வடிவமைத்த முதல் உள்ளறை அங்கே திறக்கப்பெற்று, அவர் பெயரையே தாங்கியது. ஒரு காலத்தில் ஆகே உட்சனின் மேசையருகே நின்று மகன் கோடு இழுத்தான். இப்போது அந்த மகனின் கோட்டைப் பேரன் முடித்தான். பட்டறை மாறியது, முறை மாறவில்லை.

2003இல் கட்டடக் கலையின் மிக உயர்ந்த விருதாகிய பிரிட்ஸ்கர் விருது அவரை நாடி வந்தது. 2007இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் சிட்னி ஓபரா மாளிகையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டியவர் உயிரோடிருக்கும்போதே ஒரு கட்டடம் அந்தப் பெருமை பெறுவது மிக அரிது.

2008ஆம் ஆண்டு, ஆல்போர்க்கின் கடற்கழிக் கரையில், இளைய மகன் கிம்முடன் சேர்ந்து அவர் வடிவமைத்த உட்சன் மையம் திறக்கப்பெற்றது. அவருடைய கடைசிப் படைப்பு அதுவே. அதிலே கண்காட்சிக்கு இடம் உண்டு. கற்பதற்கு இடம் உண்டு. படகுகளுக்கென்றே ஒரு கூடமும் உண்டு. கப்பல் பட்டறையிலிருந்து புறப்பட்ட மனிதர், உலகைச் சுற்றியபின், முதுமையில் தம் படகை அதே துறையிலே கொண்டுவந்து கட்டினார். அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், தொண்ணூறு வயதில், உறக்கத்திலேயே அமைதியாகக் கண்மூடினார். தாம் படைத்த மாளிகையை, அது முடிந்த கோலத்தில், ஒரு முறையேனும் நேரிலே பார்க்காமலே சென்றார்.

தென்காசிக் கல்வெட்டு

அன்பு வாசகர்களே, வெண்ணமடைக் குளத்துப் படகிலிருந்து தொடங்கினோம். அங்கிருந்து மூன்று கல் தொலைவிலே தென்காசி இருக்கிறது. அதன் கோபுர வாயிலைக் கடக்கும்போது பொதிகைக் காற்று வந்து நம்மைத் தள்ளுவதை அனுபவியாதவர் இப்பகுதியிலே இரார். அந்தக் காசி விசுவநாதர் கோயிலை 1446இல் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். கோபுர வேலை அவன் காலத்தில் முற்றுப்பெறவில்லை. அவனுக்குப் பின்வந்த குலசேகர பாண்டியனே அதை முடித்தான்.

அந்தக் கோயிலிலே மன்னன் பொறித்துவைத்த கல்வெட்டு ஒன்று தமிழறிந்தோர் நெஞ்சை உருக்குவது. 'இது என் திறமையால் ஆனதன்று. இறைவன் அருளால் ஆனது. பிற்காலத்தில் இதற்குக் குறைவு நேருமானால், அதைச் சீர்ப்படுத்திக் காப்பவர் எவராயினும், அவருடைய அடியிலே இன்றே விழுந்து வணங்குகிறேன்' என்னும் கருத்து அதிலே அமைந்திருக்கிறது. முடியணிந்த மன்னன், இன்னும் பிறவாத யாரோ ஒரு கொத்தனின் காலிலே விழுகிறான்! கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு, சுமார் 180 அடி உயரத்தில் மீண்டும் எழுந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மன்னன் முன்கூட்டியே வணங்கிவைத்த மனிதர்கள் ஒருநாள் வரவே செய்தார்கள்.

பராக்கிரம பாண்டியன் வணங்கிவிட்டுச் சென்றான். உட்சன் கசந்து, காத்திருந்து, முதுமையிலே அந்த வணக்கத்தைக் கற்றார். தாம் தொடங்கியதைப் பிறர் கை தொடுவதைப் பொறுத்துக்கொள்வது ஒரு படி. அவர்களுக்கு உதவுவது அதற்கும் மேலான படி. முதற்படியிலே அவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் நின்றார். இரண்டாம் படிக்கு ஏறிய நாளிலேதான் அவருக்கு அமைதி கிடைத்தது.

நாம் மாளிகை கட்டுகிறவர்களல்லர். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பாட்டனார் நட்ட தென்னையின் இளநீரைப் பேரன் குடிக்கிறான். தாய் சொல்லிக்கொடுத்த மன்றாட்டை, அவள் மறைந்த பின்னர் மகள் தன் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தந்தை தொடங்கிய தொழிலை மகன் வேறு விதமாக நடத்துகிறான். தந்தைக்கு அது பிடிப்பதில்லை. மாமியார் வகுத்த சமையலறையில் மருமகள் அடுப்பை இடம் மாற்றுகிறாள். அதிலிருந்து ஒரு மனத்தாங்கல். 'நான் கட்டியது, என் விருப்பப்படியே முடிய வேண்டும்' என்ற பிடிவாதத்தால் முறிந்த உறவுகள் நம் பங்குகளிலே எத்தனை! அவற்றில் எத்தனை, ஓர் அழைப்புக்காகவும், அந்த அழைப்பை ஏற்கும் ஒரு மனத்துக்காகவும் இன்றும் காத்திருக்கின்றன!

அடுத்த சாரலில் குற்றாலம் செல்லும்போது, குளத்திலே பிள்ளைகளைப் படகேற்றுங்கள். அதன் வளைவைக் காட்டி, யாரோ ஒருவர் இதை மனத்திலே கண்டு, யாரோ செய்து, யாரோ செலுத்த, நாம் பயணம் செய்கிறோம் என்று சொல்லுங்கள். கட்டியவர் அந்தப் படகிலே இல்லை. ஆயினும் படகு மிதக்கிறது.